இலைப் படம் போட்ட டப்பா

மஞ்சுளாவுக்கு,

எழுத்து கோணலும் மாணலுமாக இருப்பதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். கோட்டுக்கு மேலே ஏறும், கீழே இறங்கும், சில இடத்தில் ஒரு எழுத்தின் கால் அடுத்த எழுத்தின் வயிற்றில் இடிக்கும். அதற்கு இரண்டு காரணம். ஒன்று, இந்தக் கை பேனா பிடிக்கக் கற்று இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. இரண்டாவது, விரல் கணுக்கள் மறுபடி வீங்கியிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கினேன். இன்று செவ்வாய். நாலு வரி எழுதுவேன், கையை வெந்நீரில் வைத்திருப்பேன், மறுபடி எழுதுவேன். உன்னோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். இருந்தாலும் உன் பெயரை நானே எழுதி நானே படித்தபோது வந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. மேலே பார், உன் பெயர் மட்டும் கொஞ்சம் அழகாக இருக்கும். அதை நாலு முறை வேறு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இதில் எழுதினேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். அந்த டப்பாப் பொடி மேல் எனக்குச் சந்தேகம் என்றதும் போனில் நீ என்ன சொன்னாய் என்பது உனக்கே ஞாபகம் இருக்கும். "நீங்கதானேப்பா குடுத்தீங்க? இப்ப நீங்களே புடுங்கறீங்களா?" என்றாய். "காலையில எழுந்து நானே தலை பின்னிக்கறேன், நானே மாவு பிசையறேன். அது உங்களுக்குப் பொறுக்கலையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு மூன்று முறை அடித்தேன், நீ எடுக்கவில்லை. போனை வைத்துவிடலாம். கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும், கிழிப்பதற்கு முன்னால் ஒரு வரியாவது கண்ணில் படும். அதனால் அந்த ஒரு வரியை இங்கேயே எழுதிவிடுகிறேன்: அந்த டப்பாவைக் கோபத்தில் குப்பையில் போட்டுவிடாதே, அந்தப் பொடியை நீயாகத் திடீரென்று நிறுத்தாதே, டப்பாவை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை என்னோடு ஆஸ்பத்திரிக்கு வா. மற்றதைப் பொறுமை இருக்கும்போது படி.

சந்தேகப்படுவது எனக்குத் தொழில் என்பது உனக்குத் தெரியும். ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்கி முட்டி தேய்ந்த பிறகு, ஹைவே ஓரத்துக் கம்பெனி கேட்டில் பதினெட்டு வருஷம் வாட்ச்மேனாக நின்றேன். வெளியே போகிறவன் பையைத் திறப்பேன், சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பேன், லாரி அடியில் குனிந்து பார்ப்பேன். "பெருசு கண்ணுக்கு ஒரு போல்ட்டு தப்பாது" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். அவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்றை, உனக்கும் இதுவரை சொல்லாத ஒன்றை, இப்போது சொல்கிறேன். கேட்டில் இருந்த நோட்டில் லாரி எண், சரக்கு, நேரம் எல்லாம் எழுத வேண்டும். எனக்கு எழுதத் தெரியாது. டிரைவரைக் கூப்பிட்டு, "கண்ணாடி மறந்துட்டேன், நீயே எழுதிடுப்பா" என்பேன். பதினெட்டு வருஷமும் கண்ணாடியை மறந்தேன். என்னிடம் கண்ணாடியே கிடையாது.

ஒருமுறை ஒரு லாரிக்காரன் இரும்புக் கழிவு என்று எழுதிவிட்டு அடியில் பித்தளைக் கட்டிகளைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். மேலே இருந்ததைத் தள்ளிப் பார்த்திருக்க வேண்டியவன் நான். ஆனால் அவனே மளமளவென்று எழுதினானா, எழுதத் தெரிந்தவன் பொய் எழுதுவானா என்று கதவைத் திறந்துவிட்டேன். கண்டுபிடித்தபோது பழி அடுத்த ஷிப்ட்டில் இருந்த முனியப்பன் மேல் விழுந்தது. அவன் வேலை போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு அவனைச் சூளகிரி சந்தையில் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், எழுதத் தெரிந்தவன் எழுதியதை அப்படியே நம்புவது எனக்கு இரண்டாவது முறையும் நடந்தது. இந்த முறை போனது பித்தளை இல்லை.

உனக்கு விரல் வீங்கத் தொடங்கியபோது ஓசூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை கொடுத்தார்கள். அதோடு மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். அன்று உன் வீட்டில் உட்கார்ந்து நான் பேசிய பேச்சை நினைத்தால் இப்போது கூசுகிறது. "வாரத்துல ஒரு நாள்தான் தின்னணும்னா அது எம்மாம் பெரிய விஷமா இருக்கணும்?" என்றேன். "மாசாமாசம் ரத்தம் எடுத்துப் பாக்கறான்னா, அவன் மருந்த அவனே நம்பலன்னு அர்த்தம்" என்றேன். மாப்பிள்ளைகூடச் சிரித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கர்நாடக எல்லையில், ஜூஜுவாடியில், நான் வாங்கிய மூட்டு வலிப் பொடி இருந்த பச்சை டப்பாவைப் பையிலிருந்து எடுத்து உன் கையில் வைத்தேன். மேலே இலைப் படம், நடுவில் ஒரு முட்டிப் படம். படத்தைப் பார்த்துத்தான் நான் எதையும் வாங்குவேன், படம் பொய் சொல்லாது என்று நினைத்திருந்தேன். எனக்கு மூன்றாம் நாளே முட்டி வலி பறந்துபோயிருந்தது. பேருந்துக்குப் பின்னால் ஓடி ஏறினேன் என்று உன்னிடம் பெருமை அடித்தேன். உனக்கும் ஒரு வாரத்தில் விரல் மடங்கியது. நீ மாத்திரையையும் விட்டாய், ரத்தம் கொடுப்பதையும் விட்டாய். நாலு மாதம் ஆகிறது. தீபாவளிக்கு வந்தபோது உன் கன்னம் நிறைந்து இருந்ததைப் பார்த்து, "எம் பொண்ணு பூரிச்சிருக்கா" என்று தெருவெல்லாம் சொன்னேன்.

இதற்கிடையில்தான் எழுத்து வந்தது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் உன் அம்மா என்னைத் தள்ளிவிட்டாள் என்பது உனக்குத் தெரியும். எழுத்து வந்ததும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, மஞ்சுளா. குருபரப்பள்ளி சாலையில் நின்றுகொண்டு போகிற வருகிற லாரியின் பின்பக்கத்தை எல்லாம் சத்தமாகப் படிப்பேன். பரோட்டாக் கடைப் பலகை, பேருந்தின் ஊர்ப் பெயர், சுவரில் இருக்கும் கண்ணீர் அஞ்சலி, ஒன்றையும் விடவில்லை. யார் செத்தது என்று அம்மாவிடம் ஓடிவந்து சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொல்லித் திட்டு வாங்கினேன். நாலு கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, அதில் என் முட்டிக்கும் விரலுக்கும் ஒரு கேட் நோட்டு வைத்தேன். டிரைவரை எழுதச் சொல்லாமல் நானே எழுதிய முதல் நோட்டு அதுதான். என்ன தின்றேன், எப்படி நடந்தேன் என்று இரண்டே விஷயம்.

பொடி வாங்குவதற்கு முன்னாலிருந்தே வீட்டு வைத்தியம் எல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தது. அம்மா வாரம் இரண்டு நாள் முடக்கத்தான் கீரையை அரிசியோடு அரைத்துத் தோசை சுடுவாள். பிரண்டைத் துவையலைப் புளி போதாமல் அரைத்து ஒரு நாள் பூராவும் நாக்கு அரித்தது. கொள்ளு ரசம், ராகிக் களி, மிளகு போட்ட மஞ்சள் பால், இளஞ்சூட்டில் நல்லெண்ணெய், வறுத்த உப்பை மூட்டை கட்டி ஒத்தடம். உன் அத்தை உருளைக்கிழங்கு வாயு என்பாள், பால்காரர் கத்திரிக்காய் ஆகாது என்பார். தக்காளிதான் மூட்டைத் தின்னும் என்று எதிர்வீட்டில் சத்தியம் செய்தார்கள். தக்காளி தூக்கியே தேய்ந்த முட்டி இது, தின்றதில் தேயவில்லை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சரி என்று மூன்று வாரம் தக்காளியே இல்லாமல் ரசம் வைத்துக் குடித்தேன். ரசம் கெட்டதே தவிர முட்டி அப்படியே இருந்தது. நான் பார்த்த மட்டில், ஒத்தடமும் எண்ணெயும் அந்த நேரத்துக்கு நிச்சயம் இதம். முடக்கத்தான் தோசை நல்ல தோசை. அதற்கு மேல் அது என்ன செய்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. சாப்பாட்டில் அரிசியைக் குறைத்து, சாயங்காலம் ஏரிக்கரை வரை நடந்த மாதத்தில் எடை கொஞ்சம் இறங்கியது, படி ஏறுவது இலேசானது. எல்லாமே மெதுவாகத்தான் நடந்தது. எதுவும் மூன்றாம் நாளில் என்னை ஓடிப்போய்ப் பேருந்து ஏற வைக்கவில்லை. அந்தப் பொடி மட்டும்தான் வைத்தது. அதை நோட்டில் எழுதி, நானே படித்தபோதுதான் முதல் தடவையாக உறுத்தியது.

அன்றைக்கே டப்பாவை எடுத்துப் படிக்க உட்கார்ந்தேன். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. எனக்கு வந்த எழுத்து எல்லாம் மறந்துவிட்டதோ என்று பயந்துபோய் அம்மாவிடம் காட்டினேன். அம்மாதான், "அது கன்னடம்யா. நீ படிச்சது தமிழு" என்றாள். எழுத்து தெரியாதவரை எனக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதானே. டப்பாவைத் தூக்கிக்கொண்டு பஞ்சர் கடை பாயிடம் போனேன். அவருக்கு லாரி ஓட்டிய காலத்தில் கன்னடம் படிக்க வந்தது.

"எல்லாம் நல்லதாத்தான் போட்டுக்கீறான் அண்ணே" என்று பாய் படித்தார். "முட்டி வலி, இடுப்பு வலி, வாதம், வாயு, நரம்புத் தளர்ச்சி, எல்லாத்துக்கும் ஒரே மருந்தாம். பக்க விளைவு இல்லவே இல்லையாம்."

"உள்ள என்ன கீது, பாய்?"

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூலிகைன்னு போட்டுக்கீறான்."

"என்ன மூலிகை?"

"அது இல்ல."

"செஞ்சது எந்த ஊரு? எந்தத் தேதி?"

"அதுவும் இல்ல அண்ணே. விடு, உன் வலி போச்சில்ல?"

அவர் கடைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் தொங்கிய பிஸ்கட் பாக்கெட்டை வாங்கினேன். அதில் தமிழும் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய், உப்பு. எந்த ஊரில் செய்தது, எந்த மாதம் செய்தது, குறை இருந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், எல்லாம் இருந்தது. ஒரு குழந்தை அழுகையை நிறுத்த வாங்கும் பிஸ்கட் தன் விலாசத்தைச் சொல்கிறது. என் மகள் நாலு மாதமாகத் தினம் இரண்டு வேளை தின்கிற பொடி தன் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை. லாரிக்காரன் தன் சரக்கைத் தானே எழுதிக்கொண்டு போனது போல, டப்பா தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டிருந்தது. கேட்டில் நின்றவன் மறுபடி நான்தான்.

மறுநாளே ஜூஜுவாடிக்குப் பேருந்து ஏறினேன். விற்பவர் நாற்பது வயதுக்காரர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. என்னைப் பார்த்ததும், "பா அஜ்ஜா, பா" என்று, வா தாத்தா என்பதைக் கன்னடத்தில் சொல்லி ஸ்டூலைத் தள்ளினார்.

"இதுல என்னென்ன மூலிகை போடறீங்க சாமி?" என்றேன்.

"நூத்தியெட்டு மூலிகை, அஜ்ஜா."

"நூத்தியெட்டும் வேணாம். ஒரு நாலு சொல்லுங்க, போதும்."

சிரித்தார். "எங்க தாத்தா காலத்து ரகசியம். வெளிய சொன்னா மருந்து வேலை செய்யாது. நோவு போச்சா, இல்லையா?"

"போச்சு."

"அப்புறம் என்ன? பால் குடிக்கறீங்க. மாடு என்ன புல்லு தின்னுச்சுன்னா கேக்கறீங்க?"

"எங்க ஊருல கேப்போம் சாமி. மாடு எருக்க இலை கடிச்சிருந்தா பாலைக் கீழே ஊத்திடுவோம்."

அவர் முகம் மாறியது. உடனே மாற்றிக்கொண்டு, அலமாரியிலிருந்து இன்னொரு டப்பாவை எடுத்து என் கையில் திணித்தார். "பெரிய மனுஷன் நீங்க. இது நம்ம அன்பு. காசு வேணாம். டீ சாப்பிடறீங்களா?" என்றார். மஞ்சுளா, கேட்டில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. சோதனை போடும்போது எவன் டீ வாங்கித் தருகிறானோ, அவன் லாரியைத்தான் முதலில் குனிந்து பார்க்க வேண்டும். டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

வந்தவன் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வீட்டில் இருந்த பொடியை அன்றைக்கே நிறுத்தினேன். மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. வலி மட்டும் என்றால் தாங்கியிருப்பேன். தலை சுற்றல், வாந்தி, கைகால் துவண்டு வாழைத்தண்டு மாதிரி கிடந்தேன். அம்மா ஆட்டோ வைத்துக் கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். உன்னிடம் காய்ச்சல் என்று மட்டும் சொல்லச் சொன்னேன். அதுவும் பொய்தான்.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். ரத்த அழுத்தம் பார்த்தார், சர்க்கரை பார்க்கச் சொன்னார். சர்க்கரை ஏறியிருந்தது. எனக்குச் சர்க்கரை இருந்ததே இல்லை. "பெரியவரே, மூஞ்சி எப்பவும் இப்படித்தானா?" என்றார்.

"கொஞ்ச நாளா ரவுண்டாயிடுச்சும்மா. சாப்பாடு நல்லா எறங்குது" என்றேன்.

"யார் குடுத்த மருந்து சாப்பிடறீங்க?"

நான் மருந்து என்று வாயே திறக்கவில்லை. அம்மாதான் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசை மேல் வைத்தாள். டாக்டரம்மா திறந்து பார்த்து மூடினார். "சோதிச்சுப் பாக்காம இதுல என்ன இருக்குன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இந்த மாதிரி பொடியில ஸ்டீராய்டு கலக்கறவங்க இருக்காங்க. உங்க மூஞ்சி ஊதினதும், சர்க்கரை ஏறினதும் அதைத்தான் சொல்லுது."

"அது விஷமாம்மா?"

"விஷமில்ல. தேவைப்பட்டா நாங்களும் குடுப்போம். எவ்வளவு, எத்தனை நாள்னு அளந்து குடுத்து, கொஞ்சம் கொஞ்சமா இறக்கித்தான் நிறுத்துவோம். உங்களுக்குள்ள எவ்வளவு போச்சுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. திடீர்னு நிறுத்தினதாலதான் இப்படிக் கெடக்கறீங்க." பிறகு பேனாவை எடுத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். "வீட்டுல வேற யாராவது சாப்பிடறாங்களா?"

நான் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படிக்கத் தொடங்கினேன். கை கழுவும் முறை. அதை முழுதும் படித்தேன். அம்மாதான், "எங்க பொண்ணு" என்றாள்.

உன் விரல் வீக்கத்தையும், நீ விட்ட வாராந்தர மாத்திரையையும் கேட்டதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என்னுடையது வயதாகித் தேய்ந்த முட்டியாம், உன்னுடையது வேறு நோயாம். உடம்பே தன் மூட்டைத் தாக்குகிற நோய். "பொடியில வலி அடங்கியிருக்கும். மூட்டு கெடறது நின்னுச்சான்னு யாருக்குத் தெரியும்? இந்த வயசுல விரல் கோணிப்போனா திரும்ப நேராக்க முடியாது. சீக்கிரம் கூட்டினு வாங்க" என்றார். மாதாமாதம் ரத்தம் எடுப்பது எதற்கு என்று கேட்டேன். "மருந்து ஈரலைத் தொடுதா, ரத்தத்தைக் குறைக்குதான்னு முன்னாடியே கண்டுபிடிக்க" என்றார். கேட்டதும் தலை குனிந்தது. கேட்டில் பதினெட்டு வருஷம் நின்றவனுக்கு இது தானாகவே தெரிந்திருக்க வேண்டாமா? சோதனை போடுகிற இடத்தைச் சந்தேகப்பட்டேன், சோதனையே இல்லாத இடத்தில் என் மகளைக் கொண்டுபோய் விட்டேன்.

கீரை சாப்பிடலாமா என்றும் கேட்டேன். "தாராளமா சாப்பிடுங்க, ஒத்தடம் குடுங்க, நடங்க. மாத்திரையோட சேத்து. மாத்திரைக்குப் பதிலா வேணாம்" என்றார். அம்மா உடனே, "முடக்கத்தான் தோசைய விடமாட்டாரும்மா" என்றாள். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார்.

எனக்கு இப்போது அளந்த மாத்திரை கொடுத்து, மெதுவாக இறக்கிக்கொண்டு வருகிறார்கள். வலி திரும்பிவிட்டது. இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தைவிட இந்தப் பக்கத்தில் எழுத்து மோசமாக இருப்பது அதனால்தான். உன்னை அழைக்கும்போது வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். உனக்கும் கொஞ்ச நாள் வலி வரலாம். சீப்பைப் பிடிக்க முடியாமல் போகலாம். உன் கம்பெனியில் லைனில் நிற்க முடியாமல் லீவு போட வேண்டியிருக்கலாம். அந்தக் காலைகளில் உன் தலையைப் பின்னிவிட அம்மா ஓசூர் வந்து இருப்பாள். துணியை அப்போதே மடித்து வைத்துவிட்டாள். உன்னிடம் கேட்கவில்லை, சொல்லிவிட்டேன் அவ்வளவுதான்.

என்னை நீ நம்ப வேண்டாம். அதில் எனக்குக் கோபம் இல்லை. மாத்திரை வேண்டாம் என்றவனும் நான், பொடி தின்னு என்றவனும் நான், இப்போது பொடியைச் சந்தேகப்படுகிறவனும் நான். இப்படி மூன்று தடவை பேச்சு மாற்றுகிறவனை நானே கேட்டுக்குள் விடமாட்டேன். அதனால் என் பேச்சைக் கேட்காதே. டப்பாவை நீயே கையில் எடு. பாய் இந்தக் கடிதத்தை டெம்போவில் கொண்டுவந்து தருவார். டப்பாவில் இருப்பதை அவரையே படிக்கச் சொல்லிக் கேள். உனக்குக் கன்னடம் தெரிந்த தோழிகள் கம்பெனியில் இருப்பார்களே, அவர்களையும் கேள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரே ஒரு வரி யாராவது காட்டினால் நான் தோற்றேன். பிறகு கண்ணாடி முன்னால் நின்று, உன் கல்யாணத்தில் எடுத்த போட்டோவைப் பக்கத்தில் வைத்து, உன் முகத்தைப் பார். நான் பூரிப்பு என்று ஊரெல்லாம் சொன்ன முகத்தை.

வியாழக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில், ஓசூர் பேருந்து வந்து நிற்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பேன். டப்பா, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு, மிச்சம் இருக்கும் வாராந்தர மாத்திரை, மூன்றையும் கொண்டு வா. வரும் பேருந்து ஒவ்வொன்றின் பெயரையும் படித்துக்கொண்டிருப்பேன், எனக்குப் பொழுது போய்விடும். நீ வரவில்லை என்றால் வீட்டுக்குத் திரும்பி, விரலை வெந்நீரில் வைத்து, அடுத்த வாரமும் உனக்கு எழுதுவேன். அதற்குள் என் எழுத்து இன்னும் கொஞ்சம் நேராகியிருக்கும். படிக்க முடியவில்லை என்று நீ சாக்குச் சொல்ல முடியாது.

உன் அப்பா

(கைநாட்டு இல்லை, பார். கையெழுத்து.)